பாதி வசனம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் சாயங்காலம் டீக்கடை முறுக்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

பேப்பரில் எழுதக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் டைப் பண்ணித் தர வீட்டில் உன் தங்கை பாப்பா இருக்கிறாள், ஆனால் அவளிடம் இதைக் கொடுக்க முடியாது. எதிர்வீட்டு டீச்சர் மகனை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

கோயிலில் அசன விருந்து நல்லபடியாக நடந்தது. உன் பேரில் ஒரு மூட்டை அரிசி கொடுத்தோம். மைக்கில் "மஸ்கட்" என்று சேர்த்து வாசித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தார்.

மாடிக் கைப்பிடிச் சுவர் வேலையும் முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் மீதி நாலாயிரம் என்னிடம் இருக்கிறது. சுவர் எதற்கு, வீண் செலவு என்று கொத்தனார் முதலில் இழுத்தார். அப்பா விடவில்லை. பைபிளில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தை எடுத்து, புதுவீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று வாசித்துக் காட்டினார். கொத்தனார் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்போ மூணரை அடியா வைக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். வழிதப்பிய அடுத்தவன் மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய் விடு, குஞ்சோடு தாய்ப்பறவையைப் பிடிக்காதே, ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே. கொஞ்சம் கீழே வந்தால் கல்லெறிந்து கொல்லச் சொல்கிற சட்டம். எல்லாம் ஒரே பக்கத்தில். போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் தட்டு நிறைய இறால் இருந்தது. லேவியராகமம் 11-இன்படி சிறகும் செதிளும் இல்லாத அது நமக்கு ஆகாது. பயப்படாதே, சாப்பிடு. விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, வேண்டுமா வேண்டாமா என்று அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடிப் பேசினபோது, யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்தவர்கள்மேல் நாலே காரியங்களைத்தான் வைத்தார்கள், அப்போஸ்தலர் 15. அதில் இறால் இல்லை. எண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்.

மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன்னைப்போல் பிறனிடத்தில் அன்புகூரு என்று ஆண்டவர் சொன்னது லேவியராகமம் 19:18. அதற்கு மூன்று வசனம் மேலே, 15-இல், நியாயம் விசாரிக்கும்போது சிறியவனுக்கு முகதாட்சிணியமும் வேண்டாம், பெரியவன் முகத்துக்கு அஞ்சவும் வேண்டாம் என்றிருக்கிறது. அடுத்தது கோள் சொல்லித் திரியாதே. அதற்கு அடுத்தது உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே. அதற்கப்புறம்தான் அன்பு வருகிறது. இத்தனை வருஷம் அந்தக் கடைசி வசனத்தை மட்டும் சுவரில் மாட்டி வைத்திருந்தோம்.

பாப்பா புருஷனை விட்டு வந்தது தப்பு என்று நீ குரூப்பில் போட்ட ஆடியோவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அப்பா அதை முழுவதும் கேட்கவில்லை. சித்தப்பா கேட்டுவிட்டு, "பையன் வசனத்தோட பேசுறான்" என்றார். நீ சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். ஓய்வுநாள் பள்ளி மனப்பாடப் போட்டியில் மூன்று வருஷம் உனக்குத்தான் முதல் பரிசு, அந்த எவர்சில்வர் டம்ளர்கள் இன்னும் இருக்கின்றன. வசனம் தெரிந்த பிள்ளை என்பதால்தான் சொல்கிறேன். உபாகமம் 13, 17, 19 மூன்றையும் எடுத்துப் பார். சாவுக்குரிய குற்றமாகவே இருந்தாலும் நன்றாய் விசாரி, நன்றாய் விசாரி என்றே இருக்கிறது. ஒரே சாட்சி போதாது. கொல்லும்போது சாட்சி சொன்னவன் கைதான் முதலில் குற்றவாளிமேல் விழவேண்டும். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், மற்றவனுக்கு அவன் நினைத்தது அவனுக்கே.

மாப்பிள்ளை உனக்கு ஒரு மணி நேரம் போன் பேசினார் என்று தெரியும். அவர் நன்றாகப் பேசுவார். நம் வீட்டு நடையில் உட்கார்ந்து பேசியபோது நானும் அப்படியே நம்பினவள்தான். வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத் தெரிவான், மற்றவன் வந்து பரிசோதிக்கும் வரைக்கும் என்று நீதிமொழிகள் 18-இல் இருக்கிறது. அந்த மற்ற ஆள் இங்கே ஜூன் மாசத்திலிருந்து இருக்கிறாள். இந்த வெயிலிலும் முழுக்கை பிளவுஸ்தான் போடுகிறாள். கோயிலில் போதகரின் மனைவி ஐயரம்மா ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள். காலையில் சாப்பிடாமல் போகாதே.

இன்னொன்று சொல்லவேண்டும். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று அந்த ஆடியோவில் சொன்னாயே, மல்கியா 2:16, விவாகரத்தைப் பற்றிய வசனம், அது நீ என்னிடம் கற்றது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கல்யாணமாகப் போகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக் கொடுத்தது. 2022-இல் ஈஸ்டருக்கு முந்தின நாள் பாப்பா வந்திருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை. நான் புறவாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்மா, அங்கே எனக்கு முடியலம்மா" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதே வசனத்தைச் சொன்னேன். பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணு, அவருக்கும் வேலையில் ஆயிரம் கஷ்டம் இருக்கும் என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை வாங்கி மிச்ச மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டாள். பஸ்ஸில் சாப்பிட நான் முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்தேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கவில்லை.

அவள் திரும்பி வந்த அப்புறம்தான் மல்கியாவை முழுக்க வாசித்தேன். நான் சொல்லிக் கொடுத்தது பாதி வசனம். அதே வசனத்தின் மீதியில், கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. இரண்டு வசனம் மேலே போனால், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த புருஷனைப் பார்த்துக் கர்த்தர் பேசுகிறார். அந்த இடத்தில் திட்டு வாங்குகிறவன் ஆம்பளை. அதை நான் பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இருபது வருஷமாக, டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து.

போன வாரம் அவளிடம் சொல்ல நினைத்து, "மீன் வாங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ அவளிடம் இதைச் சொல்லவேண்டாம். நானே சொல்வேன். எப்போது என்று தெரியவில்லை.

டிசம்பரில் டிக்கெட் போட்டாயா? முன்னாடியே போடு, அப்புறம் விலை ஏறிவிடும். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடு. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனால் பாப்பா உடனே இறங்குவதில்லை. புதுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள். இங்கே ஆறரை மணி, உனக்கு ஐந்து. போன் அவள் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா