மீட்டர் காட்டும் 12.5 எந்தப் பெட்ரோலுக்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். பந்தயத்துக்காக எஞ்சினை மாற்றியமைத்த கார்கள் பற்றிய உங்கள் வாகனப் பக்கக் கட்டுரையில், ஃபுல் த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது) காற்று–எரிபொருள் விகிதம் 12.5 இருந்தால் போதும் என்று வந்திருந்தது. எந்தப் பெட்ரோலுக்கு என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பத்து சதவீதம் எத்தனால் சேர்ந்தால் 14.1. இப்போது பங்க்கில் ஊற்றும் இ20-க்கு (இருபது சதவீதம் எத்தனால்) சுமார் 13.5. எக்ஸாஸ்ட் பைப்பில் மாட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எரிந்த வாயுவில் மிஞ்சிய ஆக்சிஜனையும் எரியாத எரிபொருளையும் வைத்து அது லாம்டாவைத்தான், அதாவது உண்மையான விகிதம் முழுதாக எரியத் தேவையான விகிதத்தில் எத்தனை பங்கு என்பதைத்தான், சொல்கிறது. சென்சாரோடு இணைத்த மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. திரையில் 12.5 என்றால் லாம்டா 0.85. டாங்க்கில் இ20 இருந்தால் உண்மையான விகிதம் 11.5.

ஆகவே மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். முழு லோடில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 0.86–0.88, டர்போவுக்கு 0.78–0.82 என்று தொடங்கலாம். இ10 காலத்தில் மேப் (எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்ற அட்டவணை) போட்ட கார்களை மறுபடி எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஃபுல் த்ராட்டிலில் பெரும்பாலான ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) சென்சாரைக் கேட்காமல் மேப்பில் உள்ளதை ஊற்றும் என்பதால், இ20-இல் 3 முதல் 4 சதவீதம் லீனாகிவிடும், அதாவது தேவைக்குப் பெட்ரோல் குறைந்துவிடும். எத்தனாலின் கூடுதல் ஆக்டேன் கொஞ்சம் காப்பாற்றும். அதை நம்பி பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றக் கூடாது.

நேரோபேண்ட் சென்சாரில் மீட்டர் மாட்டுவது காசுக்குக் கேடு. லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் மட்டும் அதன் வோல்டேஜ் சட்டென்று மாறும். 0.85 பக்கம் வந்துவிட்டால் மிக்சரைவிடச் சூடுதான் அதை அதிகம் ஆட்டும்.

இனி மாட்டும் இடம். பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சார் என்றால் 18×1.5 மரை, கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 10 டிகிரி சாய்வு. படுக்க வைத்தால் நீர் தேங்கும். 780 டிகிரியில் இருக்கும் செராமிக்கில் ஒரு சொட்டுப் பட்டால் விரிசல்தான். அதனால் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் கரண்ட் போகட்டும். அதே நேரம், கரண்ட் இல்லாத சென்சாரைப் பைப்பில் விட்டு வண்டி ஓட்டினால் கரி அடைந்து செத்துப்போகும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டுக்கு முன்னால் மாட்டுங்கள். டர்போ காரில் டர்போவுக்குப் பின்னால்; முன்னால் வைத்தால் சூடும் தாங்காது, அழுத்தத்தால் ரீடிங்கும் பிசகும். வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டவே கூடாது. ஆலையில் அந்தந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த ரெசிஸ்டர் அதற்குள் இருக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது லீக். இரண்டு எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு நடுவே பைப்பின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும்போது, மேனிஃபோல்ட் கேஸ்கெட் விரிசல் காற்றை உறிஞ்சுகிறது. சென்சார் லீன் என்கிறது, டியூனர் பெட்ரோலைக் கூட்டுகிறார், சிலிண்டர் சுவரின் ஆயில் கழுவிப் போகிறது. ஐடிலில்தான் இந்தத் தொல்லை அதிகம். சைலன்சர் முனையில் கிளாம்ப் போட்டு அளந்தாலும் இதே கதை. வாயுவை எடுக்கும் குழாய் அரை மீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். மிஸ்ஃபயரும் அப்படித்தான்: ரிச் (பெட்ரோல்) அதிகமாகி எரியாமல் போன சிலிண்டரின் ஆக்சிஜன் முழுதும் வெளியே வருவதால், மீட்டரில் லீன் தெரியும்.

மீட்டரில் ஒரு எண், ஈசியு லாக்கில் வேறு எண் என்றால் கிரவுண்டைப் பாருங்கள். 0–5 வோல்ட் வெளியீடு 10–20 விகிதத்தைக் குறித்தால், 0.1 வோல்ட் பிசகுக்கு விகிதம் 0.2 தள்ளிப்போகும். ஹீட்டரின் கரண்ட் பாயும் கிரவுண்டோடு சிக்னல் கிரவுண்டைச் சேர்க்காதீர்கள். அது ஈசியுவின் சென்சார் கிரவுண்டுக்குப் போகட்டும். எண்ணை டிஜிட்டலாக அனுப்பும் கேன் வயரிங் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒற்றை சென்சார் சொல்வது சராசரிதான். நாலு சிலிண்டரில் ஓர் இன்ஜெக்டர் அடைத்து 8 சதவீதம் குறைவாக ஊற்றினால் மீட்டரில் 2 சதவீதம்தான் அசையும். 0.82 என்று அது நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு பிஸ்டன் உருகலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று பெஞ்சில் பார்த்த பிறகே டைனோவுக்குப் போங்கள்.

எஞ்சின் டியூனர்,
கோயம்புத்தூர்