ரோல்ஸ் ராய்ஸ் என்று எழுதாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். புலனத்தில் குரல் பதிவு அனுப்பினால் நீ பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய் என்று தங்கச்சி சொன்னாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி. காரோடு இருக்கும் தாத்தா படத்தைப் பெரிதாக்கி, கீழே ‘தாத்தாவும் ரோல்ஸ் ராய்சும்’ என்று எழுதி, பெர்த்தில் ஃபிரேம் போடக் கொடுத்திருக்கிறாய் அல்லவா, அதைக் கொஞ்சம் நிறுத்து. படம் இருக்கட்டும், எழுத்துதான் தப்பு. அது ரோல்ஸ் ராய்ஸ் இல்லை.

கோபப்படாதே. உனக்கு அந்தக் கதையைச் சொல்லி வளர்த்ததே நான்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்கப்பா வாயிலிருந்து ஒரு நாளும் அந்தப் பேர் வந்ததில்லை. ‘தவுக்கே காடி’ என்றுதான் சொல்வார், அவர் டிரைவராக இருந்த முதலாளியின் கார் என்று அர்த்தம். அதை ரோல்ஸ் ராய்ஸ் ஆக்கியது உன் பெரிய மாமா. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன் துரை பங்களா பெருமை பேசினால் இவர் இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ரோல்ஸ் ராய்ஸ் என்றால் ரேடியேட்டர் மூடிமேல் பொம்மை இருக்குமே, காணோமே என்று யாராவது கேட்டால், எவனோ திருடிவிட்டான் என்பார். நாங்களும் நம்பினோம்.

நீ ஸ்கேன் செய்து அனுப்பினாயே, அதை உன் பழைய மடிக்கணினியில் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் வலித்ததுதான் மிச்சம் என்று இருந்தபோது, முன்பு பசாரில் பட்டறை வைத்திருந்த சீனக் கிழவர் கோபிக் கடையில் அகப்பட்டார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை, ரேடியேட்டரின் தலையில் விரலை வைத்து, இதைப் பார் என்றார். ஜிங்க் கூரை மாதிரி மேல் விளிம்பு முழுக்க வரிவரியாக மடிப்பு. இத்தனை வருஷமாக அதைப் படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தேன்!

அந்த வரிகள் டெய்ம்லர் என்ற இங்கிலீஷ் காருக்கு உரியவை. 1904லிருந்து அந்தக் கம்பெனி அப்படித்தான் செய்தது. முதலில் தண்ணீர் குளிர்வதற்காக வைத்த துடுப்புகள், அப்புறம் தேவை போனாலும் அடையாளமாக நின்றுவிட்டன. ரோல்ஸ் ராய்ஸின் ரேடியேட்டர் வேறு மாதிரி. வெள்ளைக்காரன் கட்டிய பழைய பேங்கு வாசல் போல, மேலே முக்கோணம், பக்கமெல்லாம் நேர்க்கோடு, மூலைகள் கத்தி மாதிரி. மூடிமேல் கைகளைப் பின்னால் வீசிச் சாய்ந்து நிற்கும் பெண், 1911ல் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி செய்து கொடுத்தது. நம் படத்தில் வெறும் மூடி. யாரும் எதையும் திருடவில்லை, பாவம், மாமா எந்தத் திருடனைத் திட்டினாரோ.

சரி, ஒரு கிழவர் சொன்னதை வைத்து எப்படி நம்புவது என்று கேட்பாய். எனக்கும் அதே சந்தேகம். வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எங்கப்பாவின் தட்டு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் அலுமினியத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் என்பார். தட்டுக்குக் கீழே விரலால் ‘டக்’ என்று ஒன்றைத் தள்ளுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் இடது காலால் தரையில் ஒரு மிதி. “அந்தக் காடிக்கு கியரை முன்னாடியே சொல்லி வைக்கணும், மிதிச்சாத்தான் மாறும்” என்பார். அம்மா அடுப்படியிலிருந்து, கள்ளு பேசுது என்பாள். நாங்கள் உருண்டு சிரிப்போம். ரப்பர் பால் லோரி ஓட்டுகிற மனுஷன், கிளட்ச் மிதித்து கம்பியை இழுத்துத்தானே கியர் போடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னது அத்தனையும் நிஜம், தம்பி. 1930 வாக்கில் டெய்ம்லர் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரப்பிய ஒரு சக்கரம் வைத்தது. உள்ளே தகடுகள் பதித்த இரண்டு கிண்ணம் முகத்துக்கு முகம் இருக்கும். ஒன்று சுற்றினால் எண்ணெய் அடித்து மற்றதைச் சுற்றும், அதனால் கியரில் இருக்கும்போதே பிரேக் போட்டு நிறுத்தினாலும் என்ஜின் அணையாது. அதோடு வில்சன் கியர் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சின்னக் கைப்பிடியை அடுத்து வேண்டிய கியருக்குத் தள்ளி வைத்துவிட வேண்டும், இடது பெடலை மிதித்து விட்டால் அப்போது மாறும். தட்டில் காட்டியது அப்படியே இதுதான். அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்சில் இந்த ஏற்பாடு இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி என்ற இன்னொரு இங்கிலீஷ் காரில் அதே வில்சன் பெட்டி உண்டு, ஆனால் அதன் மூடிமேல் எகிப்து ஸ்பிங்க்ஸ் சிலை உட்கார்ந்திருக்கும், ரேடியேட்டரில் இந்த வரி இருக்காது.

இன்னொன்று. மேட்டில் ஏறினால் பின்னால் வருகிறவனுக்கு நீலப் புகைதான் சாப்பாடு என்று அப்பா சொல்வார். டெய்ம்லர் அப்போது வால்வுக்குப் பதிலாக சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் உறைகள் வைத்த என்ஜின் செய்தது. சத்தமே வராது, ஆனால் எண்ணெய் குடிக்கும், புகையும். முப்பதுகளின் நடுவோடு அதை விட்டுவிட்டார்கள். ஆக, அந்தக் கியர் பெட்டி 1930க்கு முன்னால் இல்லை, அந்தப் புகை ஐந்தாறு வருஷத்துக்குப் பின்னால் இல்லை. காடி பிறந்த காலம் அந்த இடைவெளிதான். எங்கப்பாவின் வாய்க்கதையை வைத்தே கண்டுபிடித்தாயிற்று, உன் மாமாவிடம் இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடம்பு யார் கட்டியது என்று கேட்காதே. அந்தக் காலத்தில் பெரிய கார்களைப் பெரும்பாலும் சேசிசாக, அதாவது உடம்பில்லாத அடிச்சட்டமாகத்தான் வாங்கினார்கள், என்ஜின், பானெட், ரேடியேட்டர் அவ்வளவுதான் வரும். மேலே உள்ளதை ஹூப்பர், பார்க்கர் மாதிரி உடல் கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்வார்கள், மரச்சட்டம் போட்டு அலுமினியத் தகடு அடிப்பார்கள். ஒரே பட்டறை ரோல்சுக்கும் கட்டும் டெய்ம்லருக்கும் கட்டும், அதனால் உடம்பைப் பார்த்து முகத்தைச் சொல்ல முடியாது. பட்டறைப் பேர் கதவைத் திறந்தால் கீழ்ப்பட்டையில் தகட்டில் இருக்கும். படத்தில் கதவு மூடியிருக்கிறது. பின்பக்கம் எஸ் எழுத்து மாதிரி ஒரு இரும்பு தெரிகிறது பார், அதன் நடுவில் கீல் இருக்கிறது, மேல்துணியிலும் மடிப்பு விழுந்திருக்கிறது. அலங்காரத்துக்கு ஒட்டியது இல்லை, பின்சீட்டுக்கு மேல் மட்டும் கூரை மடங்கும் லாண்டலெட். தவுக்கே மாலையில் கடற்காற்று வாங்கியிருப்பார். எனக்குத் தோல் சீட்டு, தவுக்கேவுக்குத் துணி சீட்டு, ஆனா துணிதான் உசத்தி என்று அப்பா சொன்னதற்கும் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. மழை வெயிலுக்கு டிரைவர் பக்கம் தோல், முதலாளி பக்கம் மெத்தென்ற கம்பளி.

நம்பர் பலகையில் முதல் எழுத்து ‘பி’, அது பினாங்கு. 1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்த அன்றே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் பக்கம் கிளம்பிவிட்டார். காடியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான் என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் தட்டைக் கழுவப் போய்விடுவார்.

டெய்ம்லர் என்றால் மட்டம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஏழாம் எட்வர்டு காலத்திலிருந்து இங்கிலாந்து அரண்மனைக்கு அதுதான் கார், ரோல்ஸ் ராய்ஸ் அந்த இடத்துக்கு வந்ததே 1950ல்தான்.

ஃபிரேம் கடையில் இன்றே பேசு. ‘தவுக்கேவின் டெய்ம்லர், பினாங்கு’ என்று எழுதச் சொல், தாத்தா பேர் முதலில் வரட்டும். ஓரத்தை வெட்டுகிறேன் என்று ரேடியேட்டரை வெட்டிவிடப் போகிறார்கள், அதைப் பார்த்துக்கொள். மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், தங்கச்சி வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா