சென்னை தினமும் திருவல்லிக்கேணிக் கல்வெட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்பகுதியின் ஆட்சியாளராக இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோர நிலத்தை வழங்கியதாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்ட் 22-ஐ முன்னிட்டு ஆண்டுதோறும் சென்னை தினம் கொண்டாடப்படுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வித்திட்ட நாளையே ஊர் பிறந்த நாளாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு, அடகில் இருந்த கோயில் நிலத்தை ஒருவர் மீட்டு, குறைந்துபோன அமுதுபடியை (இறைவனுக்குப் படைக்கும் உணவை) மீண்டும் நடைபெறச் செய்ததை 1,100 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி நிற்கிறது. தேய்ந்த அவ்வெழுத்துகளைப் பேத்திக்குக் காட்டியபோது, "அப்போதே இங்கே ஊர் இருந்ததா, தாத்தா?" என்று வியந்தாள். இவ்வாண்டு விழாவில் மாணவர்களை இதுபோலப் பழமை வாய்ந்த மயிலாப்பூருக்கும் திருவொற்றியூருக்கும், பாறையைக் குடைந்து அமைத்த பல்லாவரம் குடைவரைக்கும் அழைத்துச் செல்லுமாறு மாநகராட்சியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.