நடுச்சுவரை இடித்த கதை

காரைக்குடி,
ஞாயிறு மதியம்

டேய் வள்ளி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆச்சி நலம், உன் வீட்டுச் சாவி இன்னும் எங்கள் முகப்பில்தான் தொங்குகிறது. கழுகு போன வாரம் வந்தான். காபிக்கு வழக்கம்போல நான்தான் காசு கொடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் டேட்டா இருக்கும் ஸ்டோரேஜைச் சென்னை டேட்டா சென்டரோடு இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எஃப்சிஐபி போட்டேன். ஸ்டோரேஜ் பேசும் ஃபைபர் சேனல் ஃபிரேமை, இணையம் பேசும் டிசிபிக்குள் பொட்டலம் கட்டி ஐபி லைனில் அனுப்புகிற சமாசாரம்தான். 100 மெகாபிட் லைன், ஆனால் டேட்டா காப்பி ஆகும் வேகம் 44 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மூன்று வாரம் லைன்காரனோடு சண்டை போட்டேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. டிசிபி விண்டோ, அதாவது பதில் வரும்முன் அனுப்பக்கூடிய அளவு, 64 கேபியிலேயே நிற்கிறது. சென்னைக்குப் போய்வர 12 மில்லிசெகண்ட். 64 கேபியை அனுப்பிவிட்டு, அங்கிருந்து 'வந்தது' என்று பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வகுத்துப் பார், அதே 44! விண்டோவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங்கைத் திறந்ததும் பறந்தது. லைன்காரப் பையனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரிக்காதே.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. செவ்வாய் இரவு 2 மணிக்கு ஆபீஸ் பையனிடமிருந்து போன். லைன் விட்டு விட்டு வருகிறதாம். டேட்டா காப்பிதானே, காலையில் பார்க்கலாம் என்றேன். இல்லை சார், இங்கே காரைக்குடி சர்வரே டிஸ்க்கைக் காணோம் என்கிறது என்றான். சென்னை லைனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தத்தைப் பண்ணி வைத்தவனே நான்தான். இரண்டு ஊர் சுவிட்சுகளையும் ஒரே ஃபேப்ரிக்காக, அதாவது ஒரே ஸ்டோரேஜ் வலையாக, சேர்த்திருந்தேன். லிங்க் அறுந்து ஒட்டும் ஒவ்வொரு முறையும் தலைமை சுவிட்ச் யார் என்று தேர்தல், யார் யாரைப் பார்க்கலாம் என்கிற ஜோன் பட்டியல் ஒப்பிடல், எல்லா சர்வருக்கும் 'மாற்றம், மாற்றம்' என்று அறிவிப்பு. அந்தக் களேபரத்தில் இரண்டு பழைய சர்வர்கள் டிஸ்க்கைக் கைவிட்டுவிட்டன. பங்காளி வீட்டு நடுச்சுவரை இடித்துவிட்டு, அவன் வீட்டுச் சண்டை இங்கே கேட்கிறதே என்று புலம்பின கதை.

உண்மையிலேயே பயந்துவிட்டேன்டா. ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று முறை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். கை நின்றால்தானே.

இதற்கு நடுவில் முதலாளி, இங்கே எழுதியது அதே நொடி அங்கேயும் இருக்கணும் என்கிறார். கண்ணாடி இழையில் ஒளி 100 கிலோமீட்டர் போய்வரவே 1 மில்லிசெகண்ட் ஆகும். சென்னையோ 400-க்கு மேல். டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு ரைட்டும் அங்கே போய்த் திரும்பும்வரை காத்திருந்தால் பில் போடும் பெண் என்னை அடிக்க வருவாள். உங்கள் ஐயா காலத்தில் ரங்கூன் கடை ஐந்தொகை கப்பலில்தானே வந்தது, அதை வைத்துத்தானே தொழில் நடந்தது, சில நிமிடம் பின்தங்கினால் என்ன என்றேன். சிரித்தார். ஒப்புக்கொள்ளவில்லை.

வருகிற சனி இரவு இரண்டையும் தனித்தனி ஃபேப்ரிக்காகப் பிரித்து, நடுவில் ரூட்டிங் போடுகிறேன். டேட்டா காப்பியை அனுப்பும் ரெப்ளிகேஷன் போர்ட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும். சுவரைக் கட்டி ஒரு கதவு வைக்கிறேன் என்று வைத்துக்கொள். நீ இதைப் பண்ணியிருக்கிறாய். 11 மணிக்கு மேல் போனை சைலண்டில் போடாதே.

உன்
சுப்பு