டெசிபல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலியின் அளவைக் காட்டும் சராசரி டெசிபலை மட்டும் பார்த்துப் பூங்காக்களை வடிவமைப்பது தவறு. ஓடைச் சலசலப்பு 60 டெசிபல் இருந்தாலும் உட்கார்ந்திருப்பவர், அதே 60 டெசிபல் லாரி இரைச்சலில் எழுந்து போய்விடுவார். ஓரிடத்தின் ஒலிச்சூழலை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 12913 என்ற பன்னாட்டுத் தரநிலை அதனால்தான் கேட்பவரையே விசாரிக்கிறது. பலரைப் பேசாமல் நடக்கவைத்து, ஆங்காங்கே சில நிமிடம் நிறுத்தி, வாகனம், மனிதக் குரல், இயற்கை ஒலி இவற்றில் எது மேலோங்குகிறது, இடம் இதமா, எரிச்சலா, குழப்பமா என்று 5 படி அளவில் குறிக்கச் சொல்ல வேண்டும். இரு காதுகளிலும் கேட்பதுபோலவே பதியும் இருசெவி ஒலிப்பதிவும் உடன் தேவை. இந்த நடையைக் காலையில் மட்டும் நடத்தினால் மாலை நெரிசல் விட்டுப்போகும்.

வாகன இரைச்சலை மறைக்க நீரூற்று வைத்தால் போதும் என்பது பெரும் மயக்கம். உயரத்திலிருந்து கொட்டும் நீர், போக்குவரத்தோடு சேர்ந்து இன்னோர் இரைச்சலாகிவிடுகிறது. கற்களில் சலசலக்கும் மெல்லிய ஓட்டமே நல்லது. அதையும் பூங்கா நடுவில் வைக்காமல், சாலையோர இருக்கைகளின் அருகிலேயே வையுங்கள்.