கிளாரா பார்ட்டனின் கடிதங்களுக்கு ஒரு வகுப்பு: செவிலியர் பாடத்திட்டம் வகுப்போருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிளாரா பார்ட்டனை '1881-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர்' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில் நடந்த ஆன்டியட்டம் சண்டையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். காயம்பட்ட வீரர் ஒருவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டு பார்ட்டனுடைய சட்டைக் கையைத் துளைத்துப் போய் அந்த வீரரின் உயிரை வாங்கியது. அந்த ஓட்டையை அவர் கடைசிவரை தைக்கவே இல்லை.

சரி, உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு? எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1865-ல் ஆயிரக்கணக்கான வீடுகளில், மகன் இருக்கிறானா செத்தானா என்றே தெரியவில்லை. வாஷிங்டனில் தான் குடியிருந்த மூன்றாவது மாடியிலேயே பார்ட்டன் அலுவலகம் போட்டார். காணாமல்போனவர்களின் பெயர்களை அச்சடித்துத் தபால் நிலையங்களில் ஒட்டவைத்தார். இவர்களை யாராவது பார்த்தீர்களா என்று ஊர் ஊராகக் கேட்டார். 63,000-க்கும் மேல் கடிதங்கள் வந்து குவிந்தன. சுமார் 22,000 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

தென்மாநிலப் படை பிடித்த வடமாநில வீரர்களை அடைத்துவைத்திருந்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தவர்களின் பெயர்களை டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதி ரகசியமாகப் படியெடுத்து வைத்திருந்தார். 1865 கோடையில் பார்ட்டனும் அங்கே போனார். ஏறக்குறைய 13,000 பேரைப் புதைத்த அந்த மண்ணில், அந்தப் பட்டியலின் உதவியோடு பெரும்பாலான கல்லறைகளுக்குப் பெயர் கிடைத்தது.

அப்பாவின் கடைசி இரவில் நானும் அம்மாவும் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து நிற்பார், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை. விடிந்ததும் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அதைப் படித்துத்தான் அப்பா போய்விட்டார் என்று தெரிந்துகொண்டோம். அங்கிருந்த நர்சுகள் மேல் எனக்குக் கோபமில்லை. இரவெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். வாசலில் காத்திருப்பவரிடம் போய்ச் சொல்வதும் நோயாளியைக் கவனிப்பதில் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

பார்ட்டன் செவிலியர் பள்ளி எதிலும் படித்தவரில்லை. ஆனாலும் இதைப் புரிந்துவைத்திருந்தார்.

அதனால்தான் அந்தக் கடிதங்களுக்கு ஒரே ஒரு வகுப்பு கேட்கிறேன். மகனைத் தேடும் ஒரு தாயின் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆளுக்கொரு பதில் எழுதட்டும். 'உங்கள் மகன் இறந்துவிட்டார்' என்பதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்று, முதல் வரியிலேயே கொஞ்ச நேரம் திணறட்டும்.

அன்புடன்,
ஐசியூ வாசலில் காத்திருந்த ஒரு மகள்