எரிபொருள் ஆலைக்கு முன் லாரியைக் கவனியுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து, எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றாடக் குப்பையையும் அப்படி எரிபொருளாக்க நினைக்கும் நகரங்களுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்துக்கு டெண்டர் விடும் முன், குப்பையை நசுக்கி ஏற்றிவரும் கம்பாக்டர் லாரியைப் பாருங்கள். எரிபொருள் பெரும்பாலும் அங்கேயே கெட்டுவிடுகிறது.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. குழம்புச் சோறு, தேங்காய்ச் சக்கை, பழத்தோல். இவற்றை அட்டைப்பெட்டி, பால் கவரோடு சேர்த்து நசுக்கினால் அட்டை அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் மண் அப்பிக்கொள்ளும். அப்புறம் சல்லடை, காந்தம், காற்றில் தூற்றும் இயந்திரம் என்று எதை வைத்தாலும் சுத்தமாகப் பிரியாது. நனைந்த தாள் கனத்துப்போய்க் கல்லோடு விழும். மண்ணோ பிளாஸ்டிக்கோடு எரிபொருளுக்குள் போய்ச் சாம்பலைக் கூட்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 540 கிலோகலோரி வேண்டும். குப்பை தரும் வெப்பத்தை அதன் ஈரமே தின்றுவிடுகிறது.

குளோரின் இன்னும் மோசம். சுத்தமான பி.வி.சி. பிளாஸ்டிக்கின் எடையில் 57 சதவீதம் குளோரின்தான். சோற்றிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பிலும் அது இருக்கிறது. சிமெண்ட் சூளையில் அது சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து குழாய்களை அடைக்கும். சரியாக எரிக்காத இடத்தில் டையாக்சின் என்ற நச்சும் உருவாகும். 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், உயர்தர ஆர்.டி.எஃப்.பில், அதாவது குப்பையிலிருந்து செய்யும் எரிபொருளில், குளோரின் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்வது சும்மா இல்லை.

இதையெல்லாம் கடைசியில் சரிசெய்வது யார்? கன்வேயர் பக்கத்தில் நின்று நாப்கினையும் ஊசியையும் பேட்டரியையும் கையால் பொறுக்கும் தொழிலாளர்கள். நாம் கலந்ததை அவர்கள் பிரிக்கவேண்டும் என்பது அநியாயம்.

வீட்டில் பிரித்துக் கொடுத்ததைத் தெருமுனையில் ஒரே லாரியில் கொட்டுவதைப் பார்த்த குடும்பம் அடுத்த வாரம் பிரிக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே மட்கும் குப்பைக்கும் மட்காத குப்பைக்கும் தனித்தனி வண்டி விடுங்கள். மட்காததை நசுக்காமல் கொண்டுபோங்கள். நாப்கின், மருந்து, பேட்டரிக்கு வண்டியிலேயே தனிப்பெட்டி வையுங்கள். ஆலைக்குப் போகும் சரக்கின் ஈரம், சாம்பல், குளோரின் அளவுகளை மாதாமாதம் மண்டலவாரியாக வெளியிடுங்கள். எந்த மண்டலத்தில் கலக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகன்